அமெரிக்கக் கல்லூரி வாலிபாலில் உதவிப் பயிற்சியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு கல்லூரி வாலிபால் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன் என்று சொன்னதும் வரும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்பவர்கள் இரண்டு வகை. இங்கே கிளப் அணியில் (பள்ளிக்கு வெளியே நடக்கும் தனி அணி) ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிவிட்டு, இந்த வேலைக்கு வர முடியுமா என்று பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"அசிஸ்டென்ட் கோச்னா என்ன வேலை? பந்து பொறுக்கிப் போடுறதா?"

அதுவும் உண்டு. பெட்டி மேல் ஏறி நின்று, எதிரணி ஸ்பைக்கர் அடிப்பது போலப் பந்தை அடித்து அடித்துத் தோள் வலிக்காத உதவிப் பயிற்சியாளர் கிடையாது. ஆனால் வேலையில் அது சிறிய பகுதிதான். முதல்நிலைக் கல்லூரி அணியில் பொதுவாக ஒரு தலைமைப் பயிற்சியாளரும் அவருக்குக் கீழே இரண்டு அல்லது மூன்று உதவிப் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். ஒருவர் செட்டர்களையும் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள்) தாக்குதலையும் பார்ப்பார், இன்னொருவர் பிளாக்கையும் (வலையருகே குதித்துத் தடுப்பது) பின்கள ஆட்டத்தையும் பார்ப்பார். இவர்களில் ஒருவர் தலையில் புது வீராங்கனைகளைத் தேடும் பொறுப்பும் விழும். அனுபவம் கூடினால் 'இணைத் தலைமைப் பயிற்சியாளர்' என்ற பட்டம் கிடைக்கும். பயண ஏற்பாடு, ஓட்டல், சாப்பாடு, பட்ஜெட் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆபரேஷன்ஸ் டைரக்டர் பயிற்சியாளர் கணக்கில் வரமாட்டார்.

மைதானத்தில் செலவாகும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, காரணம் விதி. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, போட்டிக் காலத்தில் ஒரு வீராங்கனைக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரமும் வாரத்துக்கு 20 மணி நேரமும்தான் கட்டாயப் பயிற்சி இருக்கலாம். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. மற்ற காலத்தில் வாரம் 8 மணி நேரம். இந்த வரம்பு வீராங்கனைகளுக்கு, பயிற்சியாளருக்கு அல்ல. உங்கள் வாரத்தில் மிச்சமெல்லாம் வீடியோ, தொலைபேசி, பயணம், அவர்களுடைய வகுப்பு மதிப்பெண் என்று போய்விடும். களத்தில் நிற்பது மட்டும்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் கசந்துபோகும்.

"எப்பப் பார்த்தாலும் பொண்ணுங்க டீம் பத்தியே பேசுறீங்க. பசங்க டீமே இல்லையா?"

இருக்கிறது. ஆண்களுக்கான என்சிஏஏ சாம்பியன்ஷிப் 1970-லேயே தொடங்கிவிட்டது, பெண்களுக்கு 1981-இல்தான் வந்தது. ஆனால் இன்றைய நிலை தலைகீழ். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த 'டைட்டில் ஒன்பது' சட்டம் கல்லூரிகளைப் பெண்கள் அணிகள் உருவாக்க வைத்தது. இப்போது முதல் பிரிவில் (டிவிஷன் 1) மட்டும் 330-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் உள்ளன. ஆண்கள் அணிகள் அதில் சிறு பங்குதான். வேலையும் அந்தக் கணக்கில்தான் கிடைக்கும்.

கூட்டமும் அங்கேதான். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவே வலை கட்டி நடத்திய ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். பெண்கள் அணிகளின் பருவம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஆண்களுடையது ஜனவரி முதல் மே வரை. பெண்கள் அணிக்கு ஆண்கள் பயிற்சியாளராக இருப்பது சர்வ சாதாரணம்.

"டிவிஷன் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா தரமா?"

பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவில் முழு உதவித்தொகை, முழுநேரப் பயிற்சியாளர்கள், விமானப் பயணம். இரண்டாம் பிரிவில் உதவித்தொகையைப் பலருக்குப் பிரித்துத் தருவார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, அங்கே உதவிப் பயிற்சியாளர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர். இதற்கு வெளியே என்ஏஐஏ என்ற தனி அமைப்பின் கல்லூரிகளும் இரண்டாண்டுக் கல்லூரிகளும் உண்டு. கற்றுக்கொள்ள நல்ல இடம் எது என்றால், உங்களை நம்பி முழுப் பொறுப்பையும் தருகிற இடம். அது பல சமயம் மூன்றாம் பிரிவாக இருக்கும்.

"நான் காலேஜ் டீம்ல ஆடினதே இல்ல. கோச் ஆக முடியுமா?"

முடியும், ஆனால் சுற்றுவழி. கல்லூரியில் படிக்கும்போதே அணியின் மாணவ மேலாளராகச் சேர்ந்து உள்ளே வந்தவர்கள் பலர். பெண்கள் அணியோடு பயிற்சியில் எதிர்ப்பக்கம் நின்று ஆடும் மாணவர்கள் உண்டு, அவர்களிலிருந்தும் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். மூன்றாவது வழி கிளப் அணிகளில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. நான்காவது, இப்போது வேகமாக வளர்வது, புள்ளிவிவரம். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

இளநிலைப் பட்டம் அநேகமாக எல்லா இடத்திலும் கேட்பார்கள். பாடம் எதுவானாலும் பரவாயில்லை. பயிற்சியாளர் உரிமம் என்று கட்டாயமான ஒன்று இல்லை. அமெரிக்க வாலிபால் சங்கத்தின் வகுப்புகளும் சர்வதேசக் கூட்டமைப்பின் நிலைச் சான்றிதழ்களும் உதவும், ஆனால் அவற்றை வைத்து மட்டும் யாரும் வேலை தருவதில்லை.

"பாட்டியாலா என்ஐஎஸ் டிப்ளமோ இருக்கு, எம்.பி.எட் முடிச்சிருக்கேன். அங்க நேரா வேலை கிடைக்குமா?"

நேராகக் கிடைக்காது. உங்கள் படிப்பு குறைந்தது என்பதல்ல. இங்கே ஆள் எடுப்பவருக்கு அந்தச் சான்றிதழ் என்னவென்றே தெரியாது. அதோடு, அவர் முதலில் தேடுவது உள்ளூர் கிளப் பயிற்சியாளர்களோடு பழக்கமுள்ள ஒருவரை. அது ஏன் என்பது வீராங்கனை தேடும் கேள்வியில் தெரியும்.

வழக்கமான பாதை இது: முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்து, அதே கல்லூரியில் 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' ஆவது. படிப்புச் செலவில் ஒரு பங்கு குறையும், கையில் கொஞ்சம் பணமும் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான் செய்யலாம். போட்டிக் காலத்தில் இந்த வேலை 20 மணி நேரத்தில் முடியாது. மிச்சத்தைச் 'சும்மா உதவிக்கு வந்தேன்' என்று காட்டலாம் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள், போவது உங்கள் விசா. சேரும் முன்பே தலைமைப் பயிற்சியாளரிடமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் 12 மாதம் படிப்போடு தொடர்புள்ள வேலை செய்ய அனுமதி கிடைக்கும். அதற்குப் பின் எச்-1பி வேலை விசா. பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் பொருந்தாது என்பது நல்ல செய்தி. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்தது. ஒரு வாலிபால் உதவியாளருக்காக அந்தத் தொகையைக் கட்டும் கல்லூரியை நான் பார்த்ததில்லை. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுபவை, முடிவெடுக்கும் நாளில் என்ன நிலவரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"சம்பளம் எவ்வளவு? உண்மையச் சொல்லுங்க."

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. சிறு கல்லூரியில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர் என்று முடித்துவிடுவார்கள். பெரிய 'கான்ஃபரன்ஸ்' (கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்பு) அணிகளில் மூத்த உதவியாளர்கள் ஆண்டுக்கு ஆறு இலக்கம் வாங்குகிறார்கள். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் பள்ளி ஆசிரியர் சம்பளத்தைச் சுற்றி வருகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் சம்பளப் பட்டியல் பல மாநிலங்களில் பொது ஆவணம். பேரம் பேசும் முன் அதை எடுத்துப் படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சம்பளத்தைவிடச் சலுகைகளைக் கவனமாகப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு உண்டா, மேற்படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்பது சில ஆயிரம் டாலரைவிடப் பெரிய விஷயம். கோடைகாலப் பயிற்சி முகாம்களில் வரும் பணமும் பலருக்குக் கணிசமானது.

"சம்பளமே இல்லாம வேலை பார்க்கணும்னு சொல்றாங்களே?"

அது பழைய கதை, ஆனால் முழுசாகப் பொய்யில்லை. முதல் பிரிவில் ஒவ்வொரு அணியும் 'தன்னார்வப் பயிற்சியாளர்' ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவருக்குச் சம்பளம் தரக்கூடாது என்று விதியே இருந்தது. முழுநேரமும் வேலை செய்துவிட்டு, முகாமிலும் கிளப்பிலும் சம்பாதித்து வாடகை கட்டுவார்கள். 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, பயிற்சியாளர் எண்ணிக்கையிலேயே அந்த இடத்தைச் சேர்த்துவிட்டார்கள். சம்பளம் தரலாம் என்றுதான் விதி மாறியது, தந்தே ஆகவேண்டும் என்று மாறவில்லை. அதனால் 'மூன்றாவது உதவியாளர்' என்று விளம்பரம் வந்தால் தொகை எவ்வளவு என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

"சீசன்ல ஒரு வாரம் எப்படிப் போகும்?"

வார இறுதியில் இரண்டு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு பேருந்தில் திரும்பும்போதே அடுத்த எதிரணியின் வீடியோ மடிக்கணினியில் ஓடும். திங்களன்று வீராங்கனைகளுக்கு ஓய்வு, நமக்கு அன்றுதான் வெட்டி ஒட்டும் நாள். எதிரணியின் ஆறு ரொட்டேஷனையும் (சுழற்சியில் வரும் ஆறு நிற்கும் முறைகள்) தனித்தனியாகப் பிரிப்போம். ஒவ்வொரு ரொட்டேஷனிலும் செட்டர் யாருக்கு எத்தனை பந்து கொடுக்கிறாள், நல்ல பாஸ் வந்தால் யார், மோசமான பாஸ் வந்தால் யார், 22-க்கு 22 என்று இருக்கும்போது யாரை நம்புகிறாள் என்று பார்ப்போம். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்குப் பெரும்பாலான அணிகள் பயன்படுத்துவது இத்தாலியில் உருவான டேட்டா வாலி மென்பொருள். ஒவ்வொரு தொடுகையையும் ஒரு குறியீடாகத் தட்டச்சு செய்ய வேண்டும்: யார், எந்தத் திறன், எங்கிருந்து எங்கே, எவ்வளவு நன்றாக. சர்வுக்கு ஒரு எழுத்து, பாஸுக்கு ஒரு எழுத்து, தரத்துக்கு # என்றால் கச்சிதம், = என்றால் பிழை. ஆட்டம் நடக்கும்போதே இதைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்தவருக்கு எந்த நாட்டிலும் வேலை உண்டு. ஊரிலிருந்து வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் ஊர்ப் போட்டி வீடியோவை வைத்துப் பழகலாம்.

அடுத்தது கணக்கு. ஒரு வீராங்கனை 40 முறை அடித்து 15 புள்ளி, 5 பிழை என்றால் அவள் திறன் (15 − 5) ÷ 40, அதாவது .250. ஆனால் வெறும் சராசரியை வீராங்கனைகள் முன் வைத்தால் தூங்கிவிடுவார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை நாம் செய்வது, இவ்வளவு தகவலையும் ஆளுக்கு இரண்டு வாக்கியமாகச் சுருக்குவது: 'அவள் தோள் திறந்தால் குறுக்கே அடிப்பாள். 5-ஆம் இடத்துக்கு சர்வ் போடு.' அதற்கு மேல் சொன்னால் வெள்ளிக்கிழமை எதுவும் நினைவில் நிற்காது.

"எதிர் டீம் மேட்சை நேர்ல போய் உட்கார்ந்து பார்க்கலாமே?"

கூடாது. முதல் பிரிவில் வருங்கால எதிரணியை வளாகத்துக்கு வெளியே போய் நேரில் நோட்டம் விடுவதற்கு, சில விதிவிலக்குகள் தவிர, தடை இருக்கிறது. பணக்கார அணிகள் ஊர் ஊராக ஆள் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. அதனால்தான் எல்லோரும் வீடியோவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால்தான் மேலே சொன்ன திங்கட்கிழமை அவ்வளவு நீளம்.

"ரெக்ரூட்டிங்னா என்ன? நல்லா ஆடுற பொண்ணைப் பார்த்து வாங்கன்னு சொல்றதுதானே?"

சொல்ல முடிந்தால்தானே! முதல் பிரிவில் ஒரு மாணவி பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை நீங்கள் அவளோடு சேர்க்கை பற்றிப் பேசவோ, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவோ முடியாது. கல்லூரிச் செலவில் அவள் வந்து பார்ப்பதற்கு, பதினோராம் வகுப்பு தொடங்கும் முன்னான ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும். 'கோச்சுக்கு மெயில் போட்டோம், பதிலே இல்லை' என்று பெற்றோர் வருத்தப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தேதிதான். ஆண்டுக் காலண்டரில் எப்போது நேரில் சந்திக்கலாம், எப்போது பார்க்க மட்டும் செய்யலாம், எப்போது எதுவுமே கூடாது என்று கட்டங்கள் உண்டு. வெளியே போய் ஆள் தேட, விதிகள் தெரியும் என்பதற்கான ஆண்டுச் சான்றும் தேவை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், ஜனவரி முதல் ஜூலை வரை பல வார இறுதிகள் ஒரு பிரம்மாண்ட மாநாட்டு அரங்கில் கழியும். டஜன் கணக்கில் கோர்ட்டுகள், ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் ஆட்டம், காது கிழியும் விசில். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையுடன் மடக்கு நாற்காலியில் நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உயரமும் எட்டும் தூரமும் எல்லோருக்கும் தெரிந்த எண்கள். பெண்கள் வலை 2.24 மீட்டர், ஓடி வந்து குதித்து 10 அடி தொடும் பெண்ணை எல்லோரும் ஏற்கனவே குறித்து வைத்திருப்பார்கள். உதவியாளர் சம்பாதிக்கும் பெயர், மற்றவர்கள் குறிக்காத ஒருத்தியைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. நான் பந்தை விட்டுவிட்டுப் பார்ப்பேன். பந்து தன் பக்கம் வராதபோது கால் எங்கே நகர்கிறது, பிளாக் முடிந்து தரையிறங்கியதும் அடுத்த ஓட்டத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பின்னால் போகிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கிளப் பயிற்சியாளரின் ஒரு தொலைபேசி அழைப்பு பத்து வீடியோவுக்குச் சமம். அந்தப் பழக்கம் உருவாக வருடங்கள் ஆகும். உதவியாளர் வேலை மாறும்போது கல்லூரிகள் உண்மையில் விலைக்கு வாங்குவது அதைத்தான்.

"டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு இதெல்லாம் தேவையா?"

தேவை, ஆனால் பாதி வேலை இடம் மாறிவிட்டது. போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்புபவர்களின் இணையப் பட்டியல். 2018 அக்டோபரில் வந்த அதில் ஒரு வீராங்கனை பெயரைப் பதிந்துவிட்டால் மற்ற கல்லூரிகள் பேசலாம். 2021 ஜூலை முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்குச் சமரசம் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டது. முதல் ஆண்டுக்கான வரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அதில் பெரும்பங்கு எங்கே போகும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை, அமெரிக்கக் கால்பந்துக்கு. பெண்கள் வாலிபாலில் 12 முழு உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 18 பேர் என்ற வரம்பு வந்தது.

உதவியாளருக்கு இதன் பொருள்: டிசம்பர் இப்போது ஓய்வு மாதம் இல்லை. பருவம் முடிந்ததும் போர்ட்டலைத் தினமும் பார்க்க வேண்டும், நம் அணிப் பெண்கள் அதில் பெயர் போடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் கடினம். ஆட்டம் கிடைக்காத 15-ஆவது வீராங்கனையோடு அக்டோபரிலேயே உட்கார்ந்து பேசும் ஆள் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் இல்லை, நாம்தான்.

"ஹெட் கோச் சொல்றது தப்புன்னு தெரிஞ்சா டைம் அவுட்ல சொல்லலாமா?"

டைம் அவுட்டுக்கு முன் சொல்லலாம், வீராங்கனைகள் முன் சொல்லக்கூடாது. ஒரு செட்டுக்கு இரண்டே டைம் அவுட். அந்தச் சில நொடிகளில் இரண்டு குரல் கேட்டால் அணி எதையும் கேட்காது. பெஞ்சில் அவர் காதருகே 'மூன்றாவது ரொட்டேஷனில் நடுப்பந்தை நாம் தொடவே இல்லை' என்று ஒரு தகவலாகச் சொல்லுங்கள், கருத்தாகச் சொல்லாதீர்கள். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. தோற்றபின் 'நான் அப்பவே சொன்னேன்' என்று அலுவலகத்தில் ஆரம்பிப்பவர்கள் அதிக நாள் நிலைப்பதில்லை.

"ஹெட் கோச்சைத் தூக்கிட்டா நம்ம கதி என்ன?"

பெரும்பாலும் நீங்களும் போவீர்கள். இந்த வேலையின் மிகக் கசப்பான உண்மை இதுதான். புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தீர்கள் என்பது கணக்கிலேயே வராது. வழக்கமான பருவம் நவம்பர் கடைசியில் முடியும், நீக்கச் செய்தியும் அந்த வாரத்தில்தான் வரும். அதன்பிறகு புதியவர் வரும்வரை அணியைக் கட்டிக்காப்பது, போர்ட்டலுக்கு ஓடாமல் பிடித்து வைப்பது எல்லாம் நீக்கப்படப்போகும் உதவியாளர் தலையிலேயே விழும் வேடிக்கையும் நடக்கும். அதை ஒழுங்காகச் செய்துகொடுத்தவர்களைப் பற்றி இந்தச் சின்ன உலகத்தில் நல்ல பேச்சு பரவும், அடுத்த வேலை அதில் கிடைத்தவர்கள் உண்டு.

"அப்போ பெரிய பேர் இருக்கிற யுனிவர்சிட்டியாப் பார்த்துச் சேர்ந்துட்டா பாதுகாப்பா?"

பெரிய பெயருள்ள இடத்தில்தான் பொறுமை குறைவு. கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், தலைமைப் பயிற்சியாளரைப் பாருங்கள். அவரிடம் முன்பு வேலை பார்த்த உதவியாளர்கள் இப்போது எங்கே என்று தேடுங்கள். தலைமைப் பதவிகளில் இருந்தால் அவர் ஆள் வளர்ப்பவர். மூன்று ஆண்டில் நான்கு பேர் மாறியிருந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. நேர்முகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பயிற்சியில் எந்தப் பகுதியை நான் தனியாக நடத்துவேன்? ஆட்ட நாளில் எந்த முடிவு என்னுடையது? 'எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம்' என்று பதில் வந்தால், எதுவும் உங்களுடையது இல்லை என்று அர்த்தம்.

"எத்தனை வருஷத்துல ஹெட் கோச் ஆகலாம்?"

ஆண்டுக் கணக்கு சொல்வதைவிட, போனவர்கள் போன வழியைக் காட்டுகிறேன். டேனி பஸ்பூம் கெல்லி 2006-இல் நெப்ராஸ்காவுக்காக ஆடி சாம்பியன் ஆனார், 2015-இல் அதே அணி வென்றபோது உதவிப் பயிற்சியாளர். 2017-இல் லூயிவில் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகி, 2022-இலும் 2024-இலும் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2025-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜான் குக் ஓய்வு பெற்றதும் நெப்ராஸ்காவுக்கே தலைமை ஏற்றார். கென்டக்கிக்கு 2020 பருவத்தின் பட்டத்தை வாங்கித் தந்த கிரெய்க் ஸ்கின்னரும் நெப்ராஸ்காவில் உதவியாளராக இருந்தவர்தான். ஒரு நல்ல பெஞ்சிலிருந்து எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன், முந்தைய பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதை நம்மவர்கள் இறக்கம் என்று நினைப்பார்கள். ஜான் குக் விஸ்கான்சினில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அதை விட்டுவிட்டு 1999-இல் நெப்ராஸ்காவுக்கு இணைத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். மறு ஆண்டு தலைமை ஏற்று முதல் பருவத்திலேயே பட்டம் வென்றார். கேட்டி ஷூமேக்கர்-காவ்லியும் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழக அணிக்கும் அதன்பின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, தான் ஆடிய பென் ஸ்டேட்டுக்கு, அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரஸ் ரோஸின் உதவியாளராகப் போனார். ரோஸ் ஓய்வு பெற்றபின் 2022-இல் அந்த இடம் அவருக்கு வந்தது, 2024-இல் பட்டமும் வந்தது.

"அக்கா, பொண்ணுங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வருமா? கல்யாணம், குழந்தைன்னு ஆனா?"

வாரக்கடைசி எல்லாம் வேலை, மாலை எல்லாம் வேலை, இரவில் பேருந்து. இதை மறைத்து எழுத முடியாது. டைட்டில் ஒன்பது வந்த காலத்தில் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதன்பிறகு சம்பளம் ஏறியது, ஆண்கள் வந்தார்கள், இன்று பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே. முதல் பிரிவுப் பெண்கள் வாலிபால் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் மேலே சொன்ன ஷூமேக்கர்-காவ்லி. போட்டி தொடங்கியது 1981-இல், அவர் வென்றது 2024-இல். அந்தப் பருவத்தில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார்.

நடைமுறையில், குழந்தையைப் பேருந்தில் கூட்டிவர விடும் தலைமைப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். மறுபடியும் கேள்வி யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதில்தான் வந்து நிற்கிறது.

"கடைசி வரைக்கும் அசிஸ்டென்ட்டாவே இருந்துட்டா தோத்துட்ட மாதிரியா?"

இல்லை. தலைமைப் பதவிக்குப் போனால் நன்கொடையாளர் விருந்து, பட்ஜெட் கூட்டம், பத்திரிகையாளர் சந்திப்பு என்று களம் இன்னும் தூரமாகிவிடும். செட்டர்களோடு தினமும் வேலை செய்வதுதான் பிடிக்கும் என்று தெரிந்தே உதவியாளராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்குத் தனி விருதே கொடுக்கிறது. தொழில்முறை லீக்குகளும் இப்போது இருக்கின்றன, 2025 ஜனவரியில் 'லவ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லீக் ஒன் வாலிபால் தொடங்கியது. அங்கேயும் உதவியாளர்கள் தேவை.

"ஓவர்டைம் கிடைக்குமா?"

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் சுவாரசியமானது. கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தில் ஆசிரியர்களுக்கு மிகைநேர ஊதியமும் குறைந்தபட்ச மாதச்சம்பள வரம்பும் பொருந்தாது. விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பதே முதன்மை வேலை என்றால் பயிற்சியாளரும் ஆசிரியர் கணக்கில் வருவார். ஆனால் ஒருவரின் முதன்மை வேலை பள்ளி பள்ளியாகப் போய் ஆள் தேடுவது என்றால், அது கற்பித்தல் ஆகாது என்று தொழிலாளர் துறையின் விளக்கம் சொல்கிறது. உங்கள் பணி விவரத்தில் எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

"நீங்க கோச்தானே, எங்க சொந்தக்காரப் பொண்ணை டீம்ல காட்டி ஒரு சீட் வாங்கித் தர முடியுமா?"

முடியாது. சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், ஆனால் கேட்கிறார்கள். 2019-இல் வெளிவந்த சேர்க்கை ஊழல் வழக்கில், ஆடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு ஒதுக்கீட்டில் காட்டிப் பணம் வாங்கியதாகப் பல கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் மீது கூட்டாட்சி அரசு குற்றம் சாட்டியது. சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தப் பெண் நன்றாக ஆடுவாள் என்றால் அவளே எழுதட்டும், வீடியோவோடு. பதில் வரும் தேதி மேலே இருக்கிறது.

"ஒரு ஆஃபர் வந்திருக்கு. ஆனா ஹெட் கோச்சோட கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் முடியுது. சேரலாமா?"

ஒப்பந்தம் முடியும் தேதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் பாதி தெளிவு வந்துவிட்டது. கடந்த மூன்று பருவத்தின் வெற்றி தோல்வியையும், விளையாட்டுத் துறை இயக்குநர் எப்போது பதவிக்கு வந்தார் என்பதையும் பாருங்கள். புது இயக்குநரும் தோற்கும் அணியும் சேர்ந்தால் அந்த ஒப்பந்தம் நீளாது. தனி ஆள், சாமான் ஒரு காரில் அடங்கும், தனியாக நடத்த ஒரு பகுதி தருகிறார் என்றால் நான் சேர்வேன். ஒரே பருவத்தில் பழகிய கிளப் பயிற்சியாளர்களின் தொடர்பு உங்களோடு வரும். விசா அந்த வேலையோடு கட்டியிருக்கிறது என்றால் சேரமாட்டேன், ஏனென்றால் வேலை போனபின் கிடைக்கும் அவகாசம் எச்-1பியில் அதிகபட்சம் 60 நாள்.

எப்படியிருந்தாலும் டிசம்பரில் முதல் பிரிவு இறுதிச் சுற்று நடக்கும் ஊரிலேயே பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடும் நடக்கும். அதற்குப் போய்வாருங்கள். வேலை விளம்பரம் வெளியாகும் முன்பே பாதி இடங்களுக்கு அங்கே காப்பி குடிக்கும்போது ஆள் பேசி முடித்துவிடுவார்கள். பிப்ரவரியில் தேடத் தொடங்கினால் மிஞ்சுவது பெரும்பாலும் பகுதிநேரம்தான்.